விரிசலை அளப்பது யார்?

2009-ஆம் ஆண்டின் முதல் நாள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹானா கவுண்டியைச் சேர்ந்த டிமோக் என்ற சிற்றூரில், ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு வெடித்தது. மேலே மூடியிருந்த கான்கிரீட் பலகை சிதறிப்போனது. கிணற்றுக்குள் மீத்தேன் சேர்ந்திருந்தது. அந்த வட்டாரத்தில் கேபட் என்ற நிறுவனம் ஷேல் பாறையிலிருந்து எரிவாயு எடுக்கத் துளையிட்டுக்கொண்டிருந்தது. வாயு எங்கள் குழாயிலிருந்து வரவில்லை, இந்த மண்ணில் காலங்காலமாக இருப்பதுதான் என்றது நிறுவனம். உங்கள் குழாய்தான் ஒழுகுகிறது என்றது மாநிலச் சுற்றுச்சூழல் துறை. ஊரைச் சுற்றி 9 சதுர மைலில் புதிய எரிவாயுக் கிணறு தோண்டத் தடை வந்தது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை 2012-இல் சில வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்தது. அதே ஆண்டு, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று கிளம்பிவிட்டது. 2020-இல் குற்ற வழக்கு. 2022 நவம்பரில் நிறுவனம், அதற்குள் கோட்டெரா எனப் பெயர் மாறியிருந்தது, ஒரு குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்று, ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர 1.63 கோடி டாலர் தரச் சம்மதித்தது. வெடித்த நாளிலிருந்து ஏறக்குறைய 14 ஆண்டுகள்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் 2019 ஆகஸ்ட் 26 அன்று 2.9 அளவு நில அதிர்வு ஏற்பட்டது. பிரெஸ்டன் நியூ ரோடு என்ற இடத்தில் குவாட்ரில்லா நிறுவனம் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. நவம்பர் 2 அன்று இங்கிலாந்து முழுவதும் தடை. பத்தே வாரம்.

ஒன்றுக்கு 14 ஆண்டு, மற்றொன்றுக்குப் பத்து வாரம் ஏன்? அரசியல் துணிச்சல் ஒரு காரணம். தேர்தல் நெருங்கியிருந்தது இன்னொரு காரணம். ஆனால் அடிப்படையான காரணம் வேறு. லங்காஷயரில் முதல் துளி நீர் இறங்குமுன்பே நில அதிர்வுமானிகள் புதைக்கப்பட்டிருந்தன. 0.5 அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். டிமோக்கிலோ, எரிவாயு நிறுவனம் வருமுன் அந்தக் கிணறுகளில் மீத்தேன் எவ்வளவு இருந்தது என்பதற்கு நம்பத்தக்க பொதுக்கணக்கு எதுவும் இல்லை. ஃபிராக்கிங் எனப்படும் நீரியல் விரிசல் முறையின் ஆபத்துகளைக் கட்டுப்படுத்த முடியுமா என்ற கேள்வியைச் சுற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றை வரிசையாகப் படித்தால் ஒன்று தெரிகிறது: கணக்கு பொதுவில் இருந்த ஆபத்து விரைவில் பிடிபட்டது, நிறுவனத்தின் கோப்பிலோ யாரிடமும் இல்லாமலோ இருந்த ஆபத்து வழக்காக மாறி இழுபட்டது.

முறை புதிதல்ல. 1947-இல் கான்சாஸில் முதல் சோதனை நடந்தது. டெக்சாஸின் பார்னெட் ஷேலில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1998-இல் வழவழப்பாக்கிய நீரைப் பெருமளவில் செலுத்திப் பார்த்தது; அதனோடு பக்கவாட்டில் துளையிடும் தொழில்நுட்பமும் சேர்ந்தபோதுதான் இன்றைய தொழில் பிறந்தது. பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் ஷேல் ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாகப் படிந்து இறுகிய கறுப்புப் பாறை. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கி, அங்கிருந்து கிடைமட்டமாகத் திரும்பி, மேலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போவார்கள். பிறகு குழாயில் துளைகள் வெடித்து, ஒன்றரை முதல் இரண்டு கோடி லிட்டர் நீரை மணலோடும் ரசாயனங்களோடும் பேரழுத்தத்தில் செலுத்துவார்கள். பாறை விரியும், விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்கும், வாயு வெளியேறும். ரசாயனம் அரை சதவீதம்தான் என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்வதுண்டு. ஒன்றரைக் கோடி லிட்டரில் அரை சதவீதம் 75,000 லிட்டர். ஆறு தண்ணீர் லாரிகளை நிரப்பலாம்.

பொதுமக்களின் முதல் அச்சம் அந்த விரிசல் மேலேறி வந்து குடிநீரைத் தொட்டுவிடும் என்பது. இரண்டு கிலோமீட்டர் பாறையைத் தாண்டி அது நடப்பது மார்செல்லஸ் போன்ற இடங்களில் மிக அரிது. இதைச் சொல்லித்தான் நிறுவனங்கள் 'எந்தக் கிணறும் கெடவில்லை' என்று அடித்துப் பேசின. ஆனால் ஆபத்து அவர்கள் கைகாட்டிய ஆழத்தில் இல்லை, மேலே இருந்தது. நம் ஊரில் போர் போட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: கேசிங் பைப் சரியாக இறங்காவிட்டால் மேல்மட்டத்துக் கெட்ட நீர் உள்ளே புகுந்துவிடும். எரிவாயுக் கிணற்றில் அது தலைகீழாக நடக்கிறது. குழாய்க்கும் பாறைக்கும் இடையே ஊற்றிய சிமென்டில் இடைவெளி விழுந்தால், வழியிலுள்ள அடுக்குகளின் வாயு அந்த இடுக்கில் ஏறி நிலத்தடி நீருக்குள் புகுந்துகொள்ளும். டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில் மீத்தேன் சராசரியாக 17 மடங்கு அதிகம் என்று காட்டினார்கள். விரிசல் நீரின் ரசாயனங்கள் அவற்றில் தென்படவில்லை என்றும் அதே கட்டுரை சொன்னது. 2014-இல் வந்த இன்னொரு ஆய்வு மந்த வாயுக்களின் விகிதங்களை வைத்து 133 கிணறுகளைச் சோதித்தது. மாசுபட்ட எட்டு இடங்களிலும் குற்றவாளி சிமென்டும் உறைக்குழாயும் போன்ற கட்டுமானக் கோளாறுகளே. பாறையை உடைத்ததால் வந்ததென்று ஒன்றும் இல்லை.

இது நிறுவனத்துக்குச் சாதகமான செய்தியா, பாதகமான செய்தியா? இரண்டு தரப்பும் தனக்குச் சாதகம் என்றுதான் கொண்டாடின. என்னைக் கேட்டால் இது நிர்வாகத்துக்குச் சாதகமான செய்தி. விரிசலை யாரும் மேற்பார்வை பார்க்க முடியாது. சிமென்டைப் பார்க்க முடியும். இறுகியதா என்று ஒலி அலை கொண்டு சோதிக்கலாம், குழாய் இடுக்கில் அழுத்தம் ஏறுகிறதா என்று மாதாமாதம் குறித்துவைக்கலாம்.

சிக்கல், பழி யார் மீது என்பதில் வந்தது. 2010-இல் ஜோஷ் ஃபாக்ஸ் எடுத்த 'காஸ்லேண்ட்' ஆவணப்படத்தில் குழாய்த் தண்ணீரில் தீப்பற்றும் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. படத்தில் வந்த சில கொலராடோ கிணறுகளின் வாயு நுண்ணுயிர்களால் இயற்கையாக உண்டானது என்று அம்மாநில ஒழுங்குமுறை ஆணையம் விளக்கம் வெளியிட்டது. நிறுவனங்கள் அந்த ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாப் புகாரையும் தள்ளிவிட்டன. எதிர்ப்பாளர்கள் அந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு எல்லா இயற்கை மீத்தேனையும் நிறுவனத்தின் தலையில் கட்டினார்கள். பென்சில்வேனியாவில் கிராமப்புறத்தில் சுமார் 30 லட்சம் பேர் சொந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள். அந்தக் கிணறுகளை எப்படிக் கட்ட வேண்டும், எப்போது சோதிக்க வேண்டும் என்று சொல்லும் மாநிலச் சட்டமே அங்கு இல்லை. 'முன்பும் இப்படித்தான் இருந்தது' என்ற வாதம் செல்லுபடியானது அதனால்தான்.

இதற்கு அந்த மாநிலமே ஒரு நல்ல மருந்து கண்டது. 2012-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம், ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் குடிநீர் கெட்டால் நிறுவனமே காரணம் என்று அனுமானித்துக்கொள்ளச் சொன்னது. துளையிடுமுன் எடுத்த நீர்ச்சோதனை முடிவை அரசிடமும் வீட்டுக்காரரிடமும் கொடுத்திருந்தால் நிறுவனம் அதைக் காட்டித் தப்பலாம். விளைவு, நிறுவனங்களே வீடு வீடாகப் போய் நீர் மாதிரி எடுக்கத் தொடங்கின. எந்த உபதேசமும் செய்ய முடியாததை நிரூபணச் சுமையை இடம் மாற்றிய ஒரு விதி செய்தது. ஃபிராக்கிங் நிர்வாகத்தில் நான் கண்டவற்றுள் புத்திசாலித்தனமான ஏற்பாடு இதுதான். அதே சட்டம் ஊராட்சிகளின் நில வகைப்பாட்டு அதிகாரத்தையும் பிடுங்கப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பெரிய அறிக்கையும் முன்கணக்கு இல்லாத இதே சேற்றில்தான் சிக்கியது. 2015 ஜூனில் வந்த வரைவு, குடிநீருக்குப் பரவலான, அமைப்புரீதியான பாதிப்பு இல்லை என்றது. அந்த முடிவுக்கு எண்ணிக்கை ஆதாரம் எங்கே என்று முகமையின் சொந்த அறிவியல் ஆலோசனைக் குழு கேட்டது. 2016 டிசம்பரின் இறுதி அறிக்கையில் அந்த வாக்கியம் காணவில்லை. சில சூழ்நிலைகளில் பாதிப்பு உண்டு, எவ்வளவு என்று சொல்லத் தரவு போதாது என்ற வரி வந்தது. நீர் கெட்டதாகப் புகார் சொன்ன குடும்பங்களில் பலர் இழப்பீடு பெற்றபோது வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள். பேசக்கூடாது என்று எழுதி வாங்கிய பிறகு தரவு எப்படிப் போதும்?

இனி கழிவுநீர். உள்ளே போன நீரில் ஒரு பகுதி முதல் வாரங்களிலேயே திரும்பிவிடும். பிறகு கிணறு உயிரோடு இருக்கும்வரை பாறையிலிருந்த பழங்கடல் உப்புநீர் வாயுவோடு வந்துகொண்டே இருக்கும். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. புரோமைடு, பேரியம், ரேடியம். தொடக்க ஆண்டுகளில் பென்சில்வேனியாவில் இதை நகராட்சிச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அவை மலத்தைச் செரிக்கக் கட்டப்பட்டவை, உப்பைப் பிரிக்க அல்ல. புரோமைடு ஆற்றில் போய், கீழே குடிநீர் நிலையத்தில் குளோரினோடு சேர்ந்து, புற்றுநோய் அபாயமுள்ள சேர்மங்களாகியது. 2011 மே மாதத்துக்குள் நிறுத்துங்கள் என்று மாநிலம் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஆணைகூட இல்லை, வேண்டுகோள்தான். மத்திய அரசின் தடை 2016-இல் வந்தது. தொழில் சார்ந்த ஒரு கழிவுநீர் நிலையத்தின் வெளியேற்றக் குழாய்க்குக் கீழே, பிளாக்லிக் ஓடையின் வண்டலில் ரேடியம் சுமார் 200 மடங்கு அதிகம் என்று 2013-இல் டியூக் குழு கண்டது. பிறகு நிலைமை மாறியது. இன்று அம்மாநிலத்தில் கழிவுநீரின் பெரும்பகுதி அடுத்த கிணற்றை உடைக்க மறுபடி பயன்படுகிறது. எல்லாரும் பாராட்டும் மறுசுழற்சி. ஆனால் புதுக்கிணறு தோண்டிக்கொண்டே இருக்கும்வரைதான் அது நடக்கும்.

மற்ற மாநிலங்களில் கழிவுநீரை இன்னும் ஆழமான அடுக்கில் புதைத்தார்கள். ஓஹியோவின் யங்ஸ்டவுனில் 2011-இன் கடைசி நாளில் 4 அளவை ஒட்டிய அதிர்வு. ஓக்லஹோமா இதைவிடப் பெரிய பாடம். 2009-க்கு முன் அங்கே 3 அளவுக்கு மேற்பட்ட அதிர்வு ஆண்டுக்கு ஒன்றிரண்டு. 2015-இல் 900-ஐத் தாண்டியது. அங்கே புதைத்த நீரில் பெரும்பங்கு எண்ணெயோடு வந்த இயற்கை உப்புநீர், ஃபிராக்கிங் நீரல்ல. 'எனவே ஃபிராக்கிங்கால் பூகம்பம் வரவில்லை' என்ற தொழில்துறை வாதம் எழுத்தளவில் சரி, வீட்டுச் சுவர் விரிசல் விட்டவருக்குப் பயனற்றது. 2016 செப்டம்பரில் பாவ்னி நகரருகே 5.8. உடனே அப்பகுதியில் 37 புதைப்புக் கிணறுகளை மூட ஆணை. மாநிலத்தின் வேறு பகுதிகளிலும் புதைக்கும் அளவை வெட்டினார்கள். அதிர்வுகள் ஆண்டுக்காண்டு சரிந்து 2019-இல் 100-க்கும் கீழே வந்தன. ஆபத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் கிடையாது. நில அதிர்வுமானிகள் அரசுடையவை, யாரும் வாசிக்கலாம். எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். சீனாவின் சிச்சுவானில் பாறையை உடைத்ததே நேரடியாக நிலத்தை உலுக்கியதாக ஆய்வுகள் சொல்கின்றன. 2019 பிப்ரவரியில் ரோங் கவுண்டியில் உயிர்களும் போயின.

நீர், நிலநடுக்கம் என்று பேசிக்கொண்டிருக்கையில் முதலில் மூச்சுத்திணறியவர்களை எல்லாரும் மறந்துவிட்டோம். ஒரு கிணற்றுக்கு ஆயிரக்கணக்கான டன் மணல் வேண்டும். லாரியிலிருந்து கொட்டி, பெல்ட்டில் ஓட்டி, கலக்கும் இயந்திரத்தில் தள்ளும்போது கிளம்பும் புழுதி படிகச் சிலிக்கா. கல் குவாரிகளில் வேலை செய்தவர்கள் அறிந்த அதே சிலிகோசிஸ். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஐந்து மாநிலங்களில் 11 தளங்களில் 116 காற்று மாதிரிகள் எடுத்தது. 2012-இல் வந்த எச்சரிக்கை: 47 சதவீத மாதிரிகள் சட்ட வரம்பைத் தாண்டின, 9 சதவீதம் பத்து மடங்கோ அதற்கு மேலோ. தொழிலாளர்கள் மாட்டியிருந்த முகமூடி பத்து மடங்கு வரைதான் தாங்கும். புழுதியை இயந்திரத்திலேயே உறிஞ்சியெடுக்கும் அமைப்புகளை இத்தொழில் 2021-க்குள் பொருத்த வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது. தொழிலாளி நுரையீரலுக்குள் போவதை அளக்க ஓர் அரசு நிறுவனம் களத்தில் இறங்கியதால் கிடைத்த விதி அது. அதற்கு முன்னே புதைந்தவர்களின் எண்ணிக்கை எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. சிலிகோசிஸ் வெளித்தெரியப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

அருகில் வசிப்பவர்களின் உடல்நலம்தான் இந்தக் கேள்வியில் கடினமான பகுதி. நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. எவரும் எந்த வாயுவை எவ்வளவு சுவாசித்தார்கள் என்ற பதிவு இல்லை. ஆய்வாளர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: பிறப்புச் சான்றிதழ். அதில் தாயின் முகவரியும் குழந்தையின் எடையும் இருக்கும். கிணறு எங்கே, எந்தத் தேதியில் தோண்டப்பட்டது என்பதும் பொதுப் பதிவு. இரண்டையும் வரைபடத்தில் பொருத்தினால் போதும். ஜானெட் கரி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்ரின் மெக்கல் ஆகிய மூவர் 2004 முதல் 2013 வரை பென்சில்வேனியாவில் பிறந்த 11 லட்சம் குழந்தைகளை இப்படி ஆராய்ந்தனர். கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் விளைவு தென்படவில்லை. 2017-இல் வெளிவந்த இந்த ஆய்வின் பலம் தூரத்தோடு விளைவு தேய்ந்ததுதான்.

புற்றுநோய் விஷயத்தில் அவ்வளவு தெளிவில்லை. யேல் ஆய்வாளர்கள் 2022-இல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு கண்டார்கள். மாநில அரசின் பணத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் செய்து 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு காணவில்லை. லிம்போமாவோடும் ஆஸ்துமா தீவிரமாவதோடும் கண்டது. அந்த ஆய்வு வேண்டுமென்று போராடியவர்கள் எலும்புப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் பெற்றோர். அதோடு தொடர்பு கிடைக்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்வது ஆய்வுக்கு நல்லது. அந்தப் பெற்றோருக்கு அது ஆறுதலா என்பது வேறு விஷயம்.

ஒன்றில் மட்டும் பாதிப்பு கண்ட ஆய்வுகள் ஒத்துப்போகின்றன: தூரம். பென்சில்வேனியாவின் சட்டம் வீட்டிலிருந்து 500 அடி விலகினால் போதும் என்கிறது. பிறப்பு ஆய்வு பாதிப்பு கண்ட ஒரு கிலோமீட்டர் என்பது 3,280 அடி. 2020-இல் அம்மாநிலப் பெருநடுவர் குழு 2,500 அடி கேட்டது, சட்டமன்றம் அசையவில்லை. கொலராடோவில் 2018-இல் 2,500 அடி கேட்டு வைத்த பொதுவாக்கெடுப்பு தோற்றது. ஆனாலும் 2020-இல் அதே மாநிலத்தின் ஆணையம், மக்கள்நலமே முதல் கடமை என்று 2019-இல் மாற்றிய சட்டத்தைக் கொண்டு 2,000 அடியை விதியாக்கியது.

ரகசியம் பற்றிச் சுருக்கமாக. 2005-இன் எரிசக்திச் சட்டம், டீசல் தவிர்ந்த ஃபிராக்கிங் திரவங்களைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடிச் செலுத்து விதிகளிலிருந்து விலக்கியது. அப்போதைய துணை அதிபர் டிக் செய்னி முன்பு தலைமை வகித்த கம்பெனியின் பெயரால் அதை 'ஹாலிபர்ட்டன் ஓட்டை' என்கிறார்கள். சுற்றுச்சூழல் முகமையின் 2016 அறிக்கை 1,606 ரசாயனங்களைப் பட்டியலிட்டது. நாட்பட்ட நச்சுத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு மதிப்பு கிடைத்தவை 173 மட்டுமே. 2011 முதல் ஃபிராக்ஃபோகஸ் என்ற பொதுத்தளத்தில் நிறுவனங்கள் பட்டியல் இடுகின்றன. முகமை ஆராய்ந்த பதிவுகளில் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது ஒரு பொருளாவது வணிக ரகசியம் என்று மறைக்கப்பட்டிருந்தது. பென்சில்வேனியாவில் நோயாளிக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கூட ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் போட்டால்தான் பெயரை அறிய முடியும் என்ற நிலை 2016-இல் நீதிமன்றம் தலையிடும்வரை நீடித்தது. இதற்கு எந்தத் தொழில்நுட்ப நியாயமும் எனக்குத் தெரியவில்லை. கொலராடோ 2022-இல் முழுப் பட்டியலையும் வெளியிடச் சட்டம் போட்டது. தொழில் அங்கே படுத்துவிடவில்லை.

தடை போட்டவர்களும் உண்டு. பிரான்ஸ் 2011-இல். நியூயார்க் மாநிலம் 2014 டிசம்பரில்: சுகாதார ஆணையர் ஹோவர்ட் சக்கர், இருக்கும் ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் தானே அப்படிப்பட்ட ஊரில் குடியிருக்க மாட்டேன் என்று அறிவித்தார். எல்லைக்கு இப்பால் நியூயார்க், அப்பால் சஸ்குவஹானா, பாறை ஒன்றுதான். ஷேல் எரிவாயு நிலக்கரியை ஓரங்கட்டியதால் அமெரிக்க மின்நிலையங்களின் புகை பெரிதும் குறைந்தது, மறுப்பதற்கில்லை. நகரங்களில் சுவாசம் எளிதானதன் விலையை ஷேல் கிராமங்கள் கட்டுகின்றன என்ற கணக்கும் அதோடு சேர்ந்தே வரும். எடுக்கும் வாயுவில் கசியும் மீத்தேன் சுமார் 2.3 சதவீதம் என்று 2018-இல் வந்த மதிப்பீடு அரசுக் கணக்கைவிட 60 சதவீதம் கூடுதல். அதையும் களத்தில் இறங்கியும் விமானத்தில் பறந்தும் அளந்துதான் கண்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் வேறு உருவில் வந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் 2010-இல் கொடுக்கப்பட்ட 691 சதுர கிலோமீட்டர் உரிமம் நிலக்கரிப் படிம மீத்தேனுக்கானது, ஷேல் அல்ல. அங்கே முதல் ஆபத்து படிமத்தின் அழுத்தம் குறைய நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டுவது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்துகொண்டிருந்த நாட்களில்தான், 2013 டிசம்பர் இறுதியில், காலமானார். 2015-இல் மாநில அரசு கைவிட்டது. ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த நெடுவாசல் போராட்டத்துக்குப் பின் 2020-இல் காவிரி டெல்டாவுக்கு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் தடை சரியான முடிவென்றே நினைக்கிறேன். ஆனால் தடை வந்ததும் அளக்கும் வேலையும் முடிந்துவிட்டதுபோல் எல்லாரும் கலைந்துவிட்டோம். சட்டம் ஏற்கெனவே ஓடும் கிணறுகளைத் தொடவில்லை. அவற்றைச் சுற்றிய ஊர்களின் கிணற்று நீர் எப்படி இருக்கிறது என்ற பதிவு, இன்னொரு திட்டம் வரும்போதும் கைகொடுக்கும்.

எல்லாருடைய விதிகளும் கோட்டைவிட்ட இடம் முடிவுக்காலம். பென்சில்வேனியாவில் 1859-இல் டைட்டஸ்வில்லில் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டியதிலிருந்து கைவிடப்பட்டவை லட்சக்கணக்கில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. பதிவேட்டில் ஏறிய அநாதைக் கிணறுகளே 25,000-க்கு மேல். புதிய விரிசலின் அழுத்தம் சில இடங்களில் அந்தப் பழந்துளைகள் வழியே மேலே பீறிட்டிருக்கிறது. இப்போது ஷேல் கிணறுகளும் 13,000-ஐத் தாண்டிவிட்டன. ஒரு நிறுவனத்துக்கு எத்தனை ஆழக்கிணறுகள் இருந்தாலும், மூடும் செலவுக்கு அது வைக்க வேண்டிய பிணைத்தொகைக்கு உச்சவரம்பு 6 லட்சம் டாலர். 200 கிணறு வைத்திருப்பவருக்குக் கிணற்றுக்கு 3,000 டாலர். ஆழமான ஒன்றைச் சரியாக மூட லட்சம் டாலரைத் தாண்டுவதுண்டு. குடிநீர் கெட்டால் நிறுவனமே பொறுப்பு என்ற அந்த நல்ல அனுமானமோ 12 மாதத்தில் காலாவதியாகிறது. சிமென்ட் இறுகிக் கிடக்க வேண்டியதோ, கிணறு வறண்டு, நிறுவனம் கைமாறிக் கைமாறிப் பெயர் மறைந்த பிறகும்.